நிஜ உச்சி, பொய் உச்சி

எங்கள் காருக்கு ஒரு புத்தகம் உண்டு. வாங்கும்போதே கூட வந்தது, முழுக்க இங்கிலீஷ். என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் ஓடாது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். முப்பது வருஷமாக அது டிக்கியில் ஜாக்கிக்கு அடியில் கிடந்தது. அது இல்லாமலேதான் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினோம், மாதேஸ்வரன் மலைக்கு எத்தனையோ நடை போய் வந்தோம், விஜயநகரில் இந்த வீட்டையும் கட்டினோம். 'ஓட்டினோம்' என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது. வண்டி நின்றுபோனால் பானெட்டுக்குள் போன இன்னொரு கை என்னுடையது.

எதிர்வீட்டு மேடம் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டார். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர். தமிழும் பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து உட்காரும். போன வருஷம் குடிவந்தார். அவருடைய அப்பாவிடம் இதே மாதிரி கார் இருந்ததாம். என் வீட்டுக்காரர் துணியும் பக்கெட்டுமாகக் காரிடம் போனால் போதும், அந்தம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். சோறு போட்டால்கூட என் முகத்தைப் பார்க்காத மனுஷர், அந்தம்மாவிடம் கார்புரேட்டர் என்று சொல்லும்போதே சிரிப்பார்.

டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு ஆட்டம் கண்டுவிட்டது. எந்த பிளக் எப்போது பொறி விடவேண்டும் என்று முறைவைத்துப் பங்கிடுகிற சாமான் அது. என் வீட்டுக்காரர் அதைக் கழற்றிக்கொண்டுபோய், தண்டைத் தாங்கும் புஷ் வளையத்தை மாற்றி வந்தார். கழற்றும்போது போட்ட சாக்பீஸ் கோடு, மண்ணெண்ணெய் விட்டு எஞ்சினைத் துடைத்ததில் போய்விட்டது. பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, முதலிலிருந்து வைத்தாக வேண்டும்.

முன்பெல்லாம் அது எங்கள் இருவர் வேலை. முதல் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் நான் பெருவிரலை வைத்து அழுத்திக்கொள்வேன். அவர் முன்னால் ஹேண்டில் போட்டு மெல்லச் சுற்றுவார். பிஸ்டன் இரண்டு தடவை மேலே வரும். ஒரு தடவை வெறும் புகையைத் தள்ளிவிட வருகிறது, விரலுக்கு ஒன்றும் தெரியாது. அது பொய் உச்சி. அடுத்த தடவை காற்றை அமுக்கிக்கொண்டு வருகிறது, விரலையே பிடுங்கித் தள்ளும். அது நிஜ உச்சி. இந்தப் பெயர்கள் நான் வைத்தவை. கீழே புல்லியில் இருக்கும் கோடு இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

அன்று காலை நான் வாசற்படியில் அவரைக்காயை உரித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். மேடம் மட்கார்டின் மேல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். இவர் ஹேண்டிலைச் சுற்றினார்.

"மேலே பந்து சார்! கோடு கரெக்டா வந்துடுச்சு." 'பந்து' என்றால் அவர் பாஷையில் 'வந்தது'.

"படிச்சவங்க படிச்சவங்கதானுங் மேடம்."

பிளக்கை யாரும் கழற்றவில்லை. என் பக்கம் அவர் திரும்பவும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினார், ஒரு சின்ன பல்பை மாட்டி, அது எரிகிற இடம்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி முடுக்கினார். சாவியைப் போட்டதும் கார்புரேட்டர் 'டப்' என்று வெடித்தது. மேடம் இரண்டடி பின்னால் துள்ளினார். எனக்கு வந்த சந்தோஷத்தில் கொட்டையைக் குப்பையிலும் தோலைச் சட்டியிலும் போட்டேன்.

நாலு தடவை போட்டார், நாலு தடவையும் வெடித்தது.

"புக்ல எல்லாம் ஹிங்கேதான், இப்படியேதான் சார் இருக்கு."

"ஏ புள்ள, அங்கென்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங். புஸ்தகத்த இன்னொருக்கா நல்லாப் பாருங்க."

காரணம் தெரிந்தும் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தோள்வலி உண்டு. ஹேண்டிலை விட்டுவிட்டுத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை.

திடீரென்று அவரே நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, பொய் உச்சியில மாட்டிப்போட்டனுங் மேடம்!"

"பொய் உச்சியா? ஹாகந்த்ரே, அப்படின்னா என்ன சார்?"

என் வார்த்தையை எடுத்து அவருக்கு விளக்கினார். தானே கண்டுபிடித்த மாதிரி, கையை ஆட்டி ஆட்டி. அதையாவது பொறுத்துக்கொண்டேன். பிளக்கைக் கழற்றிவிட்டு அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பெருவிரல வைங்க மேடம், நான் சுத்தறேன்."

மேடம் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் முழங்காலுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ, அவர் கழற்றி முடிப்பதற்குள் என் விரல் ஓட்டையில் இருந்தது.

"அக்கா, நான் வைக்கிறேன். உங்க கை கரியாகும்."

"என்ற கையி முப்பது வருசமாக் கரிதானுங் மேடம். நீங்க சுத்துங்க" என்றேன், கடைசியை என் வீட்டுக்காரரிடம்.

சுற்றினார். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. அடுத்ததில் விரலைத் தள்ளியது.

"நெசம்!"

நிறுத்தினார். கோடு சரியாக இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி மறுபடி இறக்கி, பல்பு வைத்து முடுக்கினார், பிளக்கையும் மாட்டினார். முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா மேடம்?" என்றார். அப்போதும் மேடம்தான்.

ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்றார். கைகூடக் கழுவாமல் போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். மேடம் பின்னால் ஏறினார். ரிங் ரோடு மேட்டில் வண்டி ஏறும்போது இவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, "இழுவை எப்பிடீங் மேடம்?" என்றார்.

மேடம் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "தட்டுது. மேட்டுல எஞ்சின் தட்டுது, பொறி முந்திக்குது. டிஸ்ட்ரிபியூட்டரச் சித்தெ பின்னால திருப்போணும்."

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். ஓரமாக நிறுத்தி, "எறங்கு புள்ள, டிஸ்ட்ரிபியூட்டரப் புடிச்சுக்க" என்றார்.

தட்டியது நிஜம்தான். தட்டியிருக்காவிட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.