ஒரே மூச்சில் அடித்த ஃபோம்

கூரைக்கடியில் நுரை அடித்துச் சூட்டைத் தடுக்கும் ஸ்ப்ரே ஃபோம் வேலையில் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது ஒரே ஒரு வீட்டில்தான். புனேயில், கோந்த்வா பக்கம், ஒரு ரோ ஹவுஸின் மாடியில்.

அதற்கு முன்னால் நான் பார்த்ததெல்லாம் கோல்ட் ஸ்டோரேஜும் ஃபேக்டரி ஷெட்டும்தான். அங்கே ஆள் குடியிருப்பதில்லை. வெயில் தாங்காமல் வீட்டுக்காரர்களும் ஃபோம் கேட்க ஆரம்பித்தபோது, எங்கள் கம்பெனியில் தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசுகிற சைட் சூப்பர்வைசர் என்று வீட்டு வேலைகளை என் தலையில் கட்டினார்கள். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மேடம், வீட்டுக்கு எது நல்லது, ஓப்பன் செல்லா, குளோஸ்டு செல்லா?" என்றுதான். பதில் சொல்வதற்கு முன்னால் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1. வாளித் தண்ணீர்

கார்த்திகேயனும் வித்யாவும் கோயம்புத்தூர்க்காரர்கள். இருவருக்கும் கராடியில் ஐ.டி. வேலை. வித்யா அப்போது ஏழு மாதக் கர்ப்பம், வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் உட்காரும் அறை மொட்டை மாடியில் பழைய ஓனர் கட்டியது. செங்கல் சுவர், மேலே தகர ஷீட். மே மாதத்து மத்தியானம் நான் உள்ளே கால் வைத்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது.

"பகல்ல இங்க உக்கார முடியறதில்லீங்க்கா. லேப்டாப்பே சூடாகி ஆஃப் ஆயிடுது" என்றாள் வித்யா.

கார்த்திகேயன் நெட்டில் நிறையப் படித்து வைத்திருந்தார். "மழை பேஞ்சா தகரத்துல சத்தம் காதப் பொளக்குமுங்க. சத்தத்துக்கு ஓப்பன் செல்தான் பெஸ்ட்டுன்னு போட்டிருக்கான். வெலையும் கம்மி."

"எனக்குச் சூடுதாங்க பிரச்சனை. மழை நாலு மாசம். வெயிலு?" என்றாள் வித்யா. இந்தச் சண்டை நான் வருவதற்கு முன்பே பல நாள் ஓடியிருக்கிறது என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் பையிலிருந்து இரண்டு வகையிலும் ஒவ்வொரு சாம்பிள் துண்டை எடுத்தேன். ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். இரண்டையும் போட்டு அமுக்கிப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தேன். குளோஸ்டு செல் கட்டை மாதிரி மேலே வந்து மிதந்தது. ஓப்பன் செல் ஸ்பாஞ்ச் மாதிரி குடித்து ஊறிப்போயிருந்தது. பிழிந்து காட்டினேன்.

"சார், இதே ரூம் மேல கான்கிரீட் ஸ்லாப் இருந்து, கீழே சத்தம் மட்டும் குறையணும்னா நானே ஓப்பன் செல்தான் சொல்லுவேன். இது தகரம். ஸ்க்ரூ அடிச்ச ஓட்டை ஒவ்வொண்ணும் புனே மழைக்கு ஒரு வாசல். ஓப்பன் செல் அந்தத் தண்ணியைக் குடிச்சு வெச்சுக்கும். வெளியே தெரியாது. ஷீட் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். குளோஸ்டு செல் அடிச்சா தண்ணி நிக்காது, சூட்டையும் நல்லாத் தடுக்கும். ஆனா சத்தம் கொஞ்சந்தான் குறையும். இப்பவே சொல்லிடறேன்."

இன்னொன்றும் சொன்னேன். குளோஸ்டு செல் இறுகும்போது தனக்குள்ளேயே சூடாகும். அதனால் மெல்லிசாக ஒரு கோட் அடித்து, ஆறவிட்டு, அப்புறம்தான் அடுத்த கோட். இரண்டு நாள் வேலை. அதன் பிறகு வாடை முழுக்கப் போகும் வரை ஜன்னலெல்லாம் திறந்து கிடக்க வேண்டும். அத்தனை நாளும் வித்யா வீட்டுப் பக்கம் வரக்கூடாது.

"கராடில என் தங்கச்சி வீடு இருக்குதுங்க்கா. அங்க போயிடறேன்" என்றாள்.

குளோஸ்டு செல் என்று முடிவானது.

2. சேட்டின் போன்

வேலை தொடங்கிய அன்று காலை மெஷினை ஏற்றி, ஹோஸ் சூடாகும் வரை நின்றேன். ஃபோம் அடிக்கும் துப்பாக்கியைப் பிடிப்பவன் சந்தோஷ். எங்களிடம் இருந்தவர்களில் வேலை சுத்தமானவன் அவன்தான். என்னை 'தாயி' என்பான், மராத்தியில் அக்கா. அவன் முதல் கோட்டை ஆரம்பித்ததும் எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் அவரை சேட் என்போம். ஹடப்சரில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜ், உடனே போய் அளவெடுத்து வா என்றார். போனேன்.

பாதி அளவெடுக்கும்போதே அங்கிருந்த மேனேஜர் சாதாரணமாகக் கேட்டார். "உங்க மெஷின் மூணு மணிக்கு இங்க வந்துடும்ல? உங்க சேட் வாக்கு குடுத்திருக்காரு."

எனக்குக் கை நின்றுவிட்டது. கம்பெனியிலேயே இருந்தது அந்த ஒரு மெஷின்தான். அது மூணு மணிக்கு ஹடப்சரில் இருக்க வேண்டுமென்றால் கோந்த்வாவில் எப்படி அடிப்பார்கள்?

சந்தோஷுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. சேட்டுக்குச் செய்தேன். "அதெல்லாம் ஆயிடுச்சு. நீ அளவை எடு" என்று வைத்துவிட்டார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வழி நெடுக டிராஃபிக். என்.ஐ.பி.எம். ரோட்டில் ஒரு வாட்டர் டேங்கருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது, என்னையறியாமல் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். பக்கத்து ஆட்டோக்காரர் திட்டினபோதுதான் தெரிந்தது.

மாடி ஏறினபோது சந்தோஷும் உதவிக்கு வந்த இருவரும் மெஷினை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சேட்சா போன் ஆலா ஹோதா, தாயி" என்றான் சந்தோஷ். சேட் போன் செய்திருக்கிறார். கோட் கோட்டாக அடிக்க நேரமில்லை, ஒரே பாஸில் நிரப்பு என்று சொல்லியிருக்கிறார். சந்தோஷ் என் முகத்தைப் பார்க்காமல் ஹோஸைச் சுருட்டினான்.

அறை பார்க்க அழகாகத்தான் இருந்தது. கூரை முழுக்க மஞ்சள் வெண்ணெய் தடவின மாதிரி. ஷீட்டும் சுவரும் சேருகிற மூலையில் ஒரு முழங்கை ஆழத்துக்கு இடைவெளி இருந்தது. அதையும் ஒரே அடியில் நிரப்பியிருந்தார்கள். அங்கிருந்துதான் வாடை வந்தது. ஃபோமின் வழக்கமான வாடை இல்லை. பாலை அடிப்பிடிக்க விட்டால் வருமே, அதற்குப் பக்கத்தில் ஒரு வாடை.

க்ளவுஸைக் கழற்றி மூலையில் கை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

3. அறுப்பதா, விடுவதா

ஃபோமுக்குள் சூடு மாட்டிக்கொண்டால் வெளியே போக வழியில்லை. ஃபோமின் வேலையே சூட்டைத் தடுப்பதுதானே. உள்ளேயே கருக ஆரம்பிக்கும். அறுத்து எடுத்தால் காற்று பட்டுக் குப்பென்று பிடித்துக்கொள்ளலாம். அறுக்காமல் விட்டால் எப்போது, எங்கே பிடிக்கும் என்று தெரியாது. மூலையை ஒட்டியே லைட்டுக்கான வயர் வேறு போயிருந்தது.

சேட்டைக் கூப்பிட்டேன். "ஒண்ணும் ஆகாது. தானா ஆறிடும். கஸ்டமர்கிட்ட வாயைத் திறக்காதே. ஒரு இடத்துலயும் கை வைக்காதே" என்றார்.

"புகை வாசனை வருது சேட்."

"உனக்கு எப்பவும் வரும்."

போனை வைத்தேன். சந்தோஷிடம் எக்ஸ்டிங்விஷரும் இரண்டு வாளித் தண்ணீரும் எடுக்கச் சொன்னேன். மற்ற இருவரையும் கெமிக்கல் டிரம்களோடு கீழே போகச் சொன்னேன். மெயின் ஸ்விட்சை அணைக்க நானே படியிறங்கி ஓடினேன்.

அணைத்துவிட்டுத் திரும்பினபோது, போர்டுக்குப் பக்கத்தில், பெட்ரூம் கதவுக்கு வெளியே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. காலையில் அது அங்கே இல்லை.

கதவைத் தட்டினேன். சத்தமில்லை. தள்ளினேன். வித்யா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னங்க்கா... சார்ஜர் எடுக்க வந்தேனுங்க. தல சுத்துச்சு, செத்த நேரம் படுத்தேன்."

"எழுந்திரும்மா. எதுவும் எடுக்காதே. வா."

"என்னாச்சுங்க்கா?"

"வெளியே போய்ச் சொல்றேன்."

அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோனேன். எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா நாற்காலி போட்டார். ஃபயர் பிரிகேடைக் கூப்பிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். வித்யா என் மணிக்கட்டை விடவில்லை. அவளுடைய இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது. "நான் அத சுவாசிச்சிருப்பனாங்க்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன். "தெரியலம்மா. இன்னிக்கே டாக்டரைப் பாத்துடு." விரலை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு திரும்ப ஓடினேன்.

மாடியில் மூலையின் நிறம் மாறியிருந்தது. மஞ்சளில் ஒரு பழுப்புத் திட்டு, ரொட்டி வேகிற மாதிரி. சந்தோஷ் மாஸ்க்கோடு அறுக்கும் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஃபயர் பிரிகேடுக்கு நிக்கலாமா தாயி?"

இன்று இதைப் படிக்கிறவர்களுக்கு என் பதில்: நில்லுங்கள், வெளியே போய் நில்லுங்கள். ஆனால் அன்று, ஃபயர் வண்டி வரவேண்டிய ரோட்டின் நெரிசலை நான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அடுத்த வீட்டுக் கூரை இந்தக் கூரையை ஒட்டியே இருந்தது. "அறு" என்றேன்.

அவன் அறுத்தான். நான் எக்ஸ்டிங்விஷரின் மூக்கை அந்த வெட்டுக்கு நேராகப் பிடித்தேன். முதல் துண்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தது. இரண்டாவது உட்புறம் பழுப்பு. மூன்றாவதைப் பிடுங்கினபோது நடுவில் கரியாக இருந்தது, மெல்லிய புகை எழும்பியது. "வெளியே!" என்று கத்தினேன். சந்தோஷ் அதை மொட்டை மாடிக்கு வீசினான். தரையில் விழுந்து, காற்றுப் பட்டதும் கறுப்புப் புகையோடு தீ பிடித்து எரிந்தது. வாளித் தண்ணீரை அதன் மேல் கவிழ்த்துவிட்டு அடுத்த துண்டுக்கு ஓடினான்.

ஃபயர் பிரிகேட் வந்தபோது அந்த மூலை முழுக்கத் தகரம் தெரிந்தது. அவர்கள் ஈரமாக்கினார்கள், தட்டிப் பார்த்தார்கள், இனி பயமில்லை என்றார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

4. இரண்டாம் தடவை

சேட் காரில் வந்து இறங்கினார். கார்த்திகேயனும் ஆபீஸிலிருந்து ஓடி வந்திருந்தார். சேட் சிரித்த முகமாக, "சின்ன டெக்னிகல் விஷயம் சார், பேட்ச் போட்டுக் குடுத்துடுவோம்" என்றார்.

கார்த்திகேயன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

சேட் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. இருந்தாலும் சொன்னேன். "அடிச்சது பூராவும் எடுக்கணும் சார். மத்த இடத்துலயும் ஒரே பாஸ்லதான் அடிச்சிருக்கு. எங்கே இறுகியிருக்கு, எங்கே வெந்திருக்குன்னு யாராலயும் வெளியிலிருந்து சொல்ல முடியாது."

"என் பொண்டாட்டி உள்ள படுத்திருந்தாங்க" என்றார் அவர். பூராவையும் எடுத்துவிடுகிறோம் என்று சேட் தலையாட்டினார்.

டாக்டர் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதாக அன்று சாயங்காலமே செய்தி வந்தது. எடுத்த ஃபோமெல்லாம் வண்டி ஏறியது. அடுத்த வாரங்களில் சேட் எனக்கு ஒரு சைட்டும் கொடுக்கவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

பிறகு வித்யா கூப்பிட்டாள். குரலில் பயமும் இருந்தது, பிடிவாதமும் இருந்தது.

"அக்கா, அவருக்கு இனி ஃபோமே வேண்டாமுங்களாம். எனக்கு இந்த ரூம் வேணும். நெசத்தச் சொல்லுங்க. தப்பு ஃபோம் மேலயா?"

"இல்லம்மா. அவசரத்து மேல."

"அப்ப ஓப்பன் செல் போட்டிருந்தா இது நடந்திருக்காதுங்களா?"

"இவ்வளவு சூடு ஏறியிருக்காது. ஆனா முதல் மழையில் ஊறியிருக்கும். எதைப் போட்டாலும் அதுக்கு வேண்டிய நாளைக் குடுக்கணும்."

கார்த்திகேயனைச் சம்மதிக்க வைத்துவிட்டு அவள் போட்ட நிபந்தனை: நான் கூடவே நிற்க வேண்டும், ஒவ்வொரு கோட் ஆறினதும் ஒரு துண்டு அறுத்துக் காட்ட வேண்டும். சேட் ஒத்துக்கொண்டார். அவர்கள் புகார் கொடுத்தால் கம்பெனி பேர் போய்விடும், ஒத்துக்கொள்ளாமல் அவருக்கு வேறு வழியும் இல்லை. சந்தோஷ் போனை அணைத்துத் தன் டிபன் பாக்ஸோடு கீழே வைத்துவிட்டு மேலே ஏறினான். துப்பாக்கி கையில் இருக்கும்போது இன்றுவரை அவன் யார் போனையும் எடுப்பதில்லை.

நிதானமாக அடித்தோம். மெல்லிசாக ஒரு கோட், கை வைத்துப் பார்த்து, அப்புறம் அடுத்தது. ஒவ்வொரு துண்டையும் நான் எதிர்வீட்டு வாசலுக்கு எடுத்துப் போனேன். வித்யா வாங்கி இரண்டாக ஒடித்து நடுவைப் பார்ப்பாள். வெள்ளை. தலையாட்டினால் அடுத்த கோட். மேலே ஜிப்சம் போர்டு அடித்து மூடிய பிறகுதான் நான் கிளம்பினேன்.

ஜூலையில் போன் செய்தாள். "மழச் சத்தம் நல்லாவே கேக்குதுங்க்கா. நீங்க சொன்ன மாதிரியேதான். பாப்பா தூங்கறா."

இப்போது யாராவது என்னிடம் ஓப்பனா, குளோஸ்டா என்று கேட்டால், மேலே கூரை என்ன, தகரமா ஸ்லாபா, தொல்லை சூடா சத்தமா என்று நானும் கேட்கிறேன். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று கேட்கிறேன்: "எத்தனை நாள் வீட்டை விட்டு வெளியே இருக்க முடியும்?" ஒரே நாளில் முடித்துக் கொடுங்கள் என்று சொல்கிறவர்களுக்கு நான் எந்த ஃபோமும் போடுவதில்லை.