வெளிச்சத்துக்குத் தீட்டில்லை

மார்கழி மாதத்தில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகள் மும்முரமாக இருக்கும். ஒன்று, நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, வெளிச்சம் போடுகிற பக்கத்து வீடு. மற்றது, அந்த வெளிச்சத்தைப் பார்க்கிற எங்கள் வீடு. உழைப்பு என்று எடுத்தால் எங்களுடையதும் குறைந்ததல்ல.

யுத்தம் வந்து யாழ்ப்பாணத்து மின்சாரத்தைக் கொண்டுபோவதற்கு முந்திய காலம். பக்கத்து வீட்டு அங்கிள் மீன்பிடிக் கரையான குருநகரில் பிறந்தவர், வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். சுற்றிவரத் தோட்டம் செய்யும் சைவக் குடும்பங்களே இருந்த எங்கள் ஒழுங்கையில் காணி வாங்கி, வீடு கட்டிக் குடிவந்திருந்தார். நத்தார் நெருங்கியதும் சின்னச் சின்ன ரோச் லைற் பல்புகளை ஒரே வயரில் கோத்து, சிலதுக்கு மனைவியின் நகப்பூச்சும் சிலதுக்குப் பச்சை மையும் பூசி, முற்றத்து மாமரத்தைச் சுற்றி விடுவார். உச்சிக் கொப்பில் மூங்கிலும் மெல்லிய ரிசுத்தாளும் கொண்டு செய்த பெரிய நட்சத்திர வெள்ளி ஒன்று தொங்கும். காற்றுக்கு அது திரும்பும்போது எங்கள் கிணற்றடி ஒரு கணம் சிவந்து, பிறகு பச்சையாகும்.

ஒழுங்கையில் மற்ற எல்லோரும் எங்களுக்கு மாமா, மாமி. இவர்கள் மட்டும் அங்கிள், அன்ரி. அது ஏதோ நாகரிகம் என்று நான் நினைத்திருந்தேன். மாமி என்றால் உறவு கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அன்ரி என்றால் ஒட்டாது என்ற கணக்கு பெரியவர்களுடையது. சாதியின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்திறந்து சொன்னதில்லை. நாங்கள் படித்த குடும்பம். “அவையள்” என்று சொல்லிக் குரலை அரை அங்குலம் தாழ்த்தினால் போதும்.

அவையளின் சொந்தக்காரர் பிடித்து வந்த மீனை அம்மா வாசல் படலையடியில் நின்று பேரம் பேசி வாங்குவார். பச்சையாக வந்தால் வாங்கலாம், சமைத்து வந்தால் கூடாது. இதுதான் சட்டம். வெளிச்சம் பச்சையிலும் சேராது, சமைத்ததிலும் சேராது. ஆகவே அதற்குத் தீட்டில்லை என்று எங்கள் வீடு ஒருமனதாகத் தீர்த்திருந்தது.

பொழுதுபட்டதும் அப்பா தன் சாய்மனைக் கதிரையை முற்றத்துக்கு இழுத்துவந்து, வேலிப் பக்கமாகத் திருப்பிப் போடுவார். காற்று வாங்கவாம். மார்கழிப் பனிக்குக் காதை மூடிச் சால்வை கட்டிக்கொண்டு காற்று வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். அம்மாவுக்கு அந்த நேரம் பார்த்துக் கறிவேப்பிலை தேவைப்படும், அந்த மரம் வேலியோரம்தான் நின்றது. எனக்குக் கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தது, தலையும் தோளும் நுழைகிற அளவில். நிறங்கள் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று எங்கள் முற்றத்து விளக்கையும் அணைத்துவிடுவோம்.

நத்தார் காலையில் அன்ரி தட்டு நிறையக் கேக் கொண்டு வருவார், மேலே பின்னல் துணி போட்டு. அம்மா இரண்டு கையாலும் வாங்குவார், முகம் நிறையச் சிரிப்பார். பிறகு வருத்தத்தோடு சொல்லுவார்:

“ஏன் உமக்கு வீண் கரைச்சல்? முட்டை போட்டதெல்லே. இது திருவெம்பாவைக் காலம், நாங்கள் சைவம்.”

எங்கள் வீடு வெள்ளிக்கிழமைகளிலும் கேக் வருகிற நாட்களிலும் சைவம்.

அன்ரி போனதும் கேக் பின்வளவுக்குப் போகும். அங்கே எங்கள் பசு நின்றது. தட்டைக் கழுவி, வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாதென்று அதில் சீனி போட்டு அம்மா அனுப்புவார். கேக் ஏன் மாட்டுக்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். “பசுவுக்குக் குடுத்தால் புண்ணியமடா. கடவுளுக்குப் படைச்ச மாதிரி” என்றார் அம்மா. நான் அதை முழுதாக நம்பினேன். எங்கள் வீட்டில் சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் நான் ஒருவன்தான் என்பது எனக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்த வருடம், நத்தார் காலையில் அன்ரியின் முகத்தில் ஒரு புதுத் துள்ளல் இருந்தது.

“அக்கா, இந்தமுறை சாட்டுச் சொல்ல ஏலாது. முட்டை போடேல்லை. உங்களுக்கெண்டு புறம்பாச் செய்தனான். சட்டியும் புதுசு.”

அம்மாவின் சிரிப்பு இடம் மாறவில்லை, ஆனால் கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் நின்றது. “ஐயோ, இவ்வளவு பாடுபட்டீரோ!” என்றார்.

புதுச் சட்டிக் கேக்கும் பசுவிடம்தான் போனது. முட்டை இல்லாததாலோ என்னவோ, அது தட்டின் ஓரம்வரை நக்கித் தின்றது.

அன்று பின்னேரம் வெளிச்சம் வரவில்லை. கதிரை போட்டாயிற்று, சால்வை கட்டியாயிற்று, மாமரம் மட்டும் இருட்டாக நின்றது. ரிக்கற் எடுத்துவிட்டுப் படம் தொடங்காமல் இருக்கிறவர்போல அப்பா செருமினார்.

“டேய், போய்க் கேட்டுக்கொண்டு வா, ஏன் இன்னும் போடேல்லை எண்டு.”

நான் பொட்டுக்குள்ளால் போனேன். அங்கிள் ஏணியில் நின்று ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வயரில் ஒன்று செத்தால் எல்லாம் நூரும்.

“என்ன தம்பி, கொப்பர் அனுப்பினவரோ? பொறுக்கச் சொல்லும், ஒரு பல்பு சண்டித்தனம் பண்ணுது.”

அன்ரி கீழே ஏணியைப் பிடித்தபடி நின்றார். என்னைக் கண்டதும் ஒரு கையை விட்டுவிட்டு ஆவலோடு கேட்டார்:

“தம்பி, கேக் எப்பிடியாம்? முட்டை இல்லாமல் இப்பதான் முதல்தரம் செய்தனான். சரியாப் பொங்கேல்லை எண்டு எனக்கு ஒரே யோசினை. அம்மா என்னவாம்?”

அன்ரியைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. எனக்குத் தெரிந்த ஆகப் பெரிய மரியாதையைச் சொன்னேன்.

“சோக்கா இருந்தது அன்ரி! எங்கடை மாடு ஒரு துண்டும் மிச்சம் விடேல்லை. தட்டையும் நக்கினது. வருசா வருசம் அதுக்குத்தான் குடுக்கிறனாங்கள்.”

ஏணி லேசாக ஆடியது. அன்ரி மற்றக் கையையும் விட்டிருந்தார். மேலே பல்பு திருகும் சத்தம் நின்றுபோனது. அன்ரி என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார், ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிறவர்போல. பிறகு சீலைத் தலைப்பில் அவற்றைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

“மாட்டுக்குப் பிடிச்சதோ?” என்றார் அங்கிள், ஏணியில் நின்றபடியே.

“ஓம் அங்கிள், நல்லாப் பிடிச்சது.”

“சரி. அதுக்காவது பிடிச்சதே.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு சண்டிப் பல்பைக் கண்டுபிடித்து மாற்றினார். மரம் முழுக்க ஒரேயடியாகப் பூத்தது. வேலிக்கு அப்பால் அப்பா “ஆ!” என்றது கேட்டது. அங்கிளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். “இனி எரியுமெண்டு போய்ச் சொல்லும்” என்று என்னை அனுப்பிவிட்டார். நான் வெற்றிவீரனாகத் திரும்பி வந்தேன். கேக் பற்றிய பேச்சை வீட்டில் சொல்லவில்லை. பெரிதாக ஒன்றும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மார்கழியில் வெளிச்சம் வராதென்று நீங்கள் நினைப்பீர்கள். வந்தது. முந்தியதைவிட அதிகமாக வந்தது. எங்கள் வேலியோரம்கூட ஒரு வயர் ஓடியது. அப்பா கதிரையைப் பின்னுக்கு இழுக்க வேண்டியதாயிற்று, கண் கூசுகிறதாம்.

கேக் மட்டும் வரவில்லை. நத்தார் காலையில் அன்ரி கொண்டு வந்த தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழமும், கடையில் வாங்கிய, உறை பிரிக்காத ஒரு பிஸ்கற் பெட்டியும் இருந்தன. பின்னல் துணி இல்லை. அவர் படலைக்கு உள்ளே வரவுமில்லை.

“இதைத் தாராளமாச் சாப்பிடலாம் அக்கா” என்றார். “நான் ஒண்டும் செய்யேல்லை.”

“இப்பதான் அவைக்கு முறை விளங்கியிருக்கு” என்றார் அம்மா, அவர் போன பிறகு. குரலில் நிம்மதி.

எனக்கு அளவில்லாத பெருமை. நான் நல்லவிதமாக நாலு சொல்லுச் சொன்னதால்தான் மாட்டுக்குப் போன தட்டு இந்த வருடம் எங்களுக்கு வந்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். வாழைப்பழத்துக்குத் தோல் இருக்கிறது, பிஸ்கற்றுக்கு உறை இருக்கிறது, கடையெல்லாம் தேடித் தன் கை படாத பொருளாக ஒரு பெண் எங்களுக்குப் பொறுக்கியிருக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

விளங்கியிருந்தாலும் தின்றிருப்பேன். அன்று பொழுதுபட்டதும், அப்பாவின் கதிரைக் காலடியில் இருந்துகொண்டு, அவர்களுடைய வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உரித்துத் தின்றேன். பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்த தோல்களை அம்மா அள்ளிக்கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டார்.