மேஸ்திரி என்று கூப்பிட ஆளில்லை

என் அக்கா வீடு கட்டுகிறவள். தனக்கு இல்லை, ஊருக்கு. முதலில் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தாள். மாமா விட்டுவிட்டுப் போன பிறகு, வீம்புக்குக் கரண்டியைக் கையில் எடுத்துக் கொத்து வேலை கற்றுக்கொண்டாள். பழைய மேஸ்திரி முட்டிவலியோடு வீட்டில் உட்கார்ந்தபோது, "எல்லாத்தையும் நீயே பாத்துக்கோம்மா" என்று மொத்தக் குழுவையும் அவள் தலையில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து வேலை பிடிப்பது, அளவு போடுவது, கூலி கொடுப்பது எல்லாம் அவள்தான்.

பட்டம் மட்டும் வரவில்லை. கொத்தனார்கள் ஆறு பேரும் அவளை "அக்கா" என்றே கூப்பிட்டார்கள். மரியாதைதானே என்பீர்கள். மண்ணாங்கட்டி! அக்கா என்றால் கெஞ்சலாம், சாக்குச் சொல்லலாம், அரைகுறையாகப் பூசிவிட்டு நடையைக் கட்டலாம். சாயங்காலம் அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்துவாள். மேஸ்திரியிடம் அந்தப் பருப்பு வேகுமா?

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். எந்தச் சொல்லைக் கண்டாலும் அதன் பூர்வீகத்தைத் தோண்டுகிற வியாதி எனக்கு உண்டு. ஒருநாள் அக்காவிடம் சொன்னேன்: "மேஸ்திரிங்கறது நம்ம வார்த்தையே இல்லக்கா. கப்பல்ல வந்த போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. அவங்க மெஸ்த்ரேன்னு சொல்வாங்க. வாத்தியார், தொழில்ல கைதேர்ந்தவர், ரெண்டு பேருக்கும் அதான் பேரு. அதுக்கும் பாட்டன் லத்தீன்ல இருக்கான். இங்கிலீஷ் மாஸ்டரும் அவன் வழிதான். தையல் மாஸ்டர், டீ மாஸ்டர், மேஸ்திரி எல்லாரும் ஒரே வம்சம்!"

அக்கா காலில் காய்ந்திருந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "எங்கேர்ந்து வந்தா என்னடி? இவ்ளோ தூரம் வந்த வார்த்தை என்கிட்ட மட்டும் வரலியே. அதை நாமளே சொல்லிக்கிட்டா சிரிப்பாங்க. கூட வேலை செய்யறவன் கூப்பிடணும். ஒருத்தன் கூப்பிட்டாலும் போதும் எனக்கு."

மனசுக்குள் இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்து, பள்ளி விட்டதும் வீட்டுச் சாவி வாங்க அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். மாடியில் ஒரே சத்தம். அக்கா காலையில் ஜன்னலுக்கு மரம் பார்க்கப் போயிருந்த நேரத்தில், நெட்டை என்கிற கொத்தனார் குளியலறைச் சுவரை எழுப்பியிருக்கிறான். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல், கண்ணாலேயே அளந்து! கதவுச் சட்டத்தை நிறுத்தினால் மேலே சுவரோடு ஒட்டியது, கீழே கை நுழைந்தது. வேலை பேசியது அவர் தம்பி; அன்றுதான் வெளியூரிலிருந்து வந்த வீட்டுக்காரர் முகம் சிவந்து நின்றார்.

"இங்க யாருய்யா மேஸ்திரி?"

ஆறு கைகளும் ஒன்றாக அக்கா பக்கம் நீண்டன.

"இவங்கதாங்க மேஸ்திரி!"

அடப்பாவிகளா! இத்தனை வருஷம் வாயில் நுழையாத வார்த்தை, திட்டு வாங்க ஆள் தேவைப்பட்டதும் எவ்வளவு சுலபமாக நுழைகிறது பாருங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் கடைக்குப் போயிருந்தேன், கட்டினது இவன்" என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், நெட்டை அந்த நிமிஷமே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா சட்டத்தின் கீழே இருந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஆமாங்க, மேஸ்திரி நான்தான். தப்பு என்னோடது. நாளைக்குச் சுவர் நேரா நிக்கும்."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டு அவர் தடதடவென்று படியிறங்கினார்.

நெட்டைக்கு உயிர் வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கரண்டியை அவளிடம் நீட்டினான். "நல்லவேளை, காப்பாத்திட்டீங்க அக்கா. மேல கொஞ்சம் செதுக்கி, கீழ கொஞ்சம் பூசிட்டா தெரியாது. உங்க கை பட்டாதான் சரியா வரும்."

அக்கா கரண்டியை வாங்கவில்லை. பக்கத்தில் கவிழ்த்திருந்த சட்டிமேல் போய் உட்கார்ந்தாள்.

"யாருடா அக்கா?"

நீட்டிய கரண்டி அந்தரத்திலேயே நின்றது.

"இப்பதானே ஆறு பேரும் கையை நீட்டிச் சொன்னீங்க? முழுசா இடிங்க. முடியற வரைக்கும் நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."

நெட்டை மற்றவர்களைப் பார்த்தான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவன் கரண்டியை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்தான்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும், மேஸ்திரி?"