பன்னிரண்டாவது கை

சாச்சி தன் வலது கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு, சால்வையின் முனையை மட்டும் ஒரு பல்கலைக்கழக மாணவனிடம் நீட்டிய அந்தக் கணம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் அவன் திருதிருவென்று விழித்தான். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

சாச்சி என் உம்மாவின் தங்கை. திகனயில் இருக்கிறார். எங்கள் கல்யாணங்களில் சாப்பாடு சஹனில்தான். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்துவிட்டு, சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒன்றாக உண்பது வழக்கம். எந்த ஆறு பேரை ஒன்றாக உட்கார வைப்பது என்பதில் சாச்சியை மிஞ்ச ஆளில்லை. காணித் தகராறில் முகம் பார்க்காத இரண்டு மச்சிமாரை ஒரே சஹனில் அமர்த்தி, நடுவில் ஒரு வாயாடியைச் செருகிவிடுவார். பொரித்த கோழி முடிவதற்குள் இருவருக்கும் பேச்சு வந்துவிடும். ஐந்து பேரோடு ஒரு சஹனையும் விடமாட்டார். “கொறச் சஹன் வெச்சா வீட்டுக்கு முகம் ஈக்காது” என்பார். அவர் கணவர், எங்கள் சாச்சா, மௌத்தாகிப் போனதோடு இதெல்லாம் நின்றுபோனது. கணவன் இறந்தால் பெண் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலத்தை இருந்து முடித்துப் பல மாதமாகியும் கிளினிக்கைத் தவிர வேறெங்கும் அவர் போகவில்லை. என் மகளின் கல்யாணத்துக்கு இரண்டு மாதமே இருந்தது. சஹன் வைக்க வாருங்கள் என்று கேட்கும்போதெல்லாம், “எனக்கேலா புள்ள, நீங்களே பாத்துக்கோங்க” என்ற ஒரே பதில். கணவனை இழந்தவள் சபையில் முன்னால் நின்றால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படுகிறார் என நானே முடிவு கட்டினேன். கட்டியதோடு நில்லாமல் மூன்று தடவை உபதேசமும் செய்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அன்று பேராதனையில் கண் கிளினிக்கை முடித்துக்கொண்டு கண்டி டவுனுக்கு வந்து இறங்கியபோது மழை கொட்டியது. ஒதுங்கிய பழைய கட்டடத்துக்குள் மாணவர்கள் சிலர் கலைக் கண்காட்சி வைத்திருந்தார்கள். எங்களை வாசலில் நிற்க விடாமல் உள்ளே அழைத்துப் போனார்கள். அரை இருட்டான அறை. கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான சின்ன பல்புகள் தொங்கின. ஒன்றும் எரியவில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொரு செப்புத் தகடு. ஒரு தகட்டை ஒருவர் தொட்டு, மற்றத் தகடு வரைக்கும் எல்லோரும் கையோடு கை கோத்தால்தான் பல்புகள் எரியும் என்று அங்கிருந்த மாணவி விளக்கினாள். அங்கிருந்த எல்லோருமாகப் பன்னிரண்டு பேர் நின்றோம். சாச்சிக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அந்த மாணவன். அந்நிய ஆணின் கையைச் சாச்சி எப்படிப் பிடிப்பார்? அதற்குத்தான் சால்வை முனை. துணியைப் பிடித்தாலும் கை கோத்த கணக்குத்தானே என்று நினைத்திருக்கிறார்.

பல்பு எரியவில்லை. மாணவி ஓடிப்போய் வயர்களை இழுத்துப் பார்த்தாள். பிறகு சால்வையைக் கண்டுவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், “அம்மா, துணி பத்தாது. கைதான் வேணும்” என்றாள். சாச்சியின் முகம் சுருங்கிப்போனது. “நீங்க செய்ங்கொ, நான் இதில நிக்கிறன்” என்று சுவரோரம் ஒதுங்கினார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததற்காக என்னையே நொந்துகொண்டேன்.

நாங்கள் மறுபடி கை கோத்தோம். எவ்வளவு எட்டினாலும் ஒரு முழம் குறைந்தது. அப்போது சாச்சியின் விரல் சால்வைக்குள்ளேயே அசைவதைக் கண்டேன். எண்ணிக்கொண்டிருந்தார். “பதினொண்டு. ரெண்டு சஹனுக்கு ஒராள் கொற” என்றார், யாரிடமும் இல்லாமல். அடுத்த நிமிடம் அறை அவர் கைக்கு வந்துவிட்டது. “ஆம்புளயள் எல்லாரும் அந்தப் பக்கம். பொம்புளயள் இஞ்சால வாங்கொ.” மொழி விளங்காதவர்களும் நகர்ந்தார்கள், அந்தக் குரல் அப்படி. இரண்டு வரிசையும் சந்திக்கும் இடத்துக்கு யாரை வைப்பது? சாச்சி சுற்றிப் பார்த்தார். வத்தேகமயிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியாரையும் அவர் மனைவியையும் பிடித்தார். மனைவியின் கழுத்தில் சிலுவை தொங்கியது.

“நீங்க ரெண்டு பேரும் மாப்புள பொண்டாட்டிதானே? நடுவுக்கு வாங்கொ.”

“முப்பது வருசமா நாலு பேரு முன்னால இவ கைய புடிச்சதில்லீங்க” என்று வாத்தியார் நெளிந்தார். மனைவி வெடுக்கென்று அவர் கையைப் பற்றிக்கொண்டார். பெண்கள் வரிசையின் கடைசியில் சாச்சி நின்றார். ஒரு கை என் கையில். மறு உள்ளங்கையைத் தகட்டில் வைத்தார்.

எல்லாப் பல்புகளும் ஒன்றாக எரிந்தன. மாணவர்கள் கூச்சலிட்டார்கள். சாச்சி பல்புகளைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார், பந்தியில் யாருக்குக் கறி போதவில்லை என்று பார்ப்பதுபோல. எனக்கு அழுகை வந்தது.

திகன பஸ்ஸில் ஏறினோம். பல்லேகல தாண்டியதும் சாச்சி, “நான் வர மாட்டன் எண்டது ஊர் பேச்சுக்குப் பயந்தா?” என்று கேட்டார். “வேல எல்லாம் முடிஞ்சி ஆக்கள் போன பொறகு, நானும் சாச்சாவும்தான் குசினி அடுப்படில ஒரு சஹன்ல இருந்து தின்னுவோம். ஒவ்வொரு கல்யாணத்திலயும் அப்பிடித்தான். இனி யாரோட தின்ற?”

இத்தனை கல்யாணங்களில் அவர் எங்கே, யாரோடு சாப்பிட்டார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என் உபதேசமெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கல்யாணத்துக்கு எத்தன சஹன் செல்லி ஈக்கிறீங்க?”

“நாப்பது, சாச்சி.”

“நாப்பத்தொண்டு செல்லுங்கொ. கடைசிச் சஹனுக்கு அஞ்சு பேர நான் பாத்துக்கொள்றன்.”