பனிவாரி தொங்கிய சுவர்

வெர்லன் கிட்ரெல் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்போ கிளம்புவே?" என்பதுதான். நான் அப்போதுதான் வந்து அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். டென்னசி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊர். பக்கத்து ஸ்பிரிங் ஹில் கார் ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வெர்லன் வீட்டுக் கொட்டகைக்கு மேலே ஓர் அறை வாடகைக்கு இருப்பதாகத் தீவனக் கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ரெண்டு வருஷ ஒப்பந்தம்" என்றேன்.

"பரவால்ல. தேதி சொல்றவனை நம்பலாம். இங்கேயே இருந்துடப் போறேன்னு சொல்லிக்கிட்டு வர்றவன்தான் ஆபத்து." சொல்லிவிட்டு என் முகத்தை விட்டு ஷூவைப் பார்த்தார். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்ததாகப் பிறகு ஒருநாள் சொன்னார்.

அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு புகைப்படம் இருந்தது. முழங்கால் அளவு பனியில் அவர் நிற்கிறார். கையில் பனிவாரி: ஆள் உயரக் கைப்பிடி, அதன் முனையில் முறம்போல அகன்ற நீல வாய். முகத்தில், படம் எடுக்கிறவர் தன்னை ஏமாற்றப்போகிறார் என்கிற ஒரு பார்வை. கொலம்பியாவில் அவ்வளவு பனி விழுவதில்லை. அந்தப் படத்தின் கதையை அவரிடமிருந்து பாதியும், தீவனக் கடை ஹோய்ட்டிடமிருந்து மீதியுமாக ஒரு குளிர்காலம் முழுவதும் கேட்டுச் சேர்த்தேன்.

வெர்லன் கோவேறு கழுதை வியாபாரி. அப்பா காலத்திலிருந்தே அதுதான் தொழில். தானமாகக் கொடுத்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வம்சம். அதற்குக் காரணமும் இருந்தது. அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது, பல்லை அரம்போட்டு ராவி வயதைக் குறைத்துக் காட்டிய ஒரு கிழட்டுக் கழுதையை அவர் அப்பாவின் தலையில் ஒருவன் கட்டிவிட்டான். அந்த வருடம் உழவே நடக்கவில்லை. அன்றிலிருந்து வெர்லன் விற்கிறவன் வாயைக் கேட்பதில்லை. கழுதையின் காதைத்தான் பார்ப்பார். "உடம்பு எந்தப் பக்கம் நின்னாலும், போகணும்னு நினைக்கிற திசைக்குத்தான் காது திரும்பும். அதை மறைக்க அதுக்குத் தெரியாது" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் ஸ்பிரிங் ஹில்லில் பெரிய கார் ஆலை வரப்போகிறது என்று செய்தி வந்தது. ஊரே சிரித்துக்கொண்டு திரிந்தது. தீவனக் கடையில் வெர்லன் மட்டும் கேட்டார்: "டெட்ராய்ட் கார் கம்பெனிக்காரன் எதுக்கு நம்ம சோளக்காட்டுக்கு வர்றான்? அவன் ஊர்ல தரை இல்லையா?"

"நல்லதே நடக்காதா உனக்கு?" என்றார் ஹோய்ட்.

"நடக்கட்டும். எத்தனை நாளைக்குன்னு கேக்கறேன்."

தொண்ணூறில் கார் வந்தது. சாட்டர்ன் என்று பெயர். சனி கிரகத்தின் பெயர். நம் ஊரில் சனி என்று பெயர் வைத்த காரைச் சும்மா கொடுத்தாலும் ஒருவர் ஏற மாட்டார். அங்கே வரிசையில் நின்று வாங்கினார்கள். வெர்லனுக்கு ஏழரையும் தெரியாது, அஷ்டமமும் தெரியாது. அவருக்குச் சந்தேகம் விலையில். அந்தக் காருக்குப் பேரம் கிடையாது. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற விலைதான் விலை. நம் பக்கத்துச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுவார்கள். அவர்கள் சந்தையில் வேலியில் சாய்ந்து, புகையிலை துப்பித் துப்பி அரை நாள் பேசுவார்கள். இரண்டுமே இல்லாத வியாபாரத்தை வெர்லன் கண்டதில்லை.

"பேசப் பேசத்தான் பொய் வெளிய வரும். பேச்சே இல்லைன்னா பொய் உள்ளேயே தங்கிடும்" என்றார்.

அவருக்கு ஒரே மகள், நெட்ரா. மனைவி இறந்தபிறகு அப்பாவும் மகளும்தான். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த நெட்ரா, தொண்ணூற்று இரண்டில் தன் சம்பளத்தில் ஒரு பச்சை நிறச் சாட்டர்ன் வாங்கினாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள். கதவு அடிபட்டாலும் நசுங்காது என்று காட்டுவதற்காக விற்பனையாளர் அதை ஓங்கி ஓர் உதை விட்டார். பிளாஸ்டிக் கதவு உள்ளே போய் மறுபடி எழுந்து நின்றது.

"உதைச்சும் திரும்பி உதைக்கலைன்னா அது செத்த கழுதை" என்றார் வெர்லன்.

சாவியைக் கொடுக்கும்போது கடையின் ஊழியர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நெட்ராவைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். அது அந்தக் காருக்கே உரிய சடங்கு. ஒரு படமும் எடுத்தார்கள். நெட்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெர்லன் அவள் காதருகே வந்து, "வித்துட்டுக் கை தட்டுறாங்கன்னா, என்ன சாதிச்சதுக்குத் தட்டுறாங்க? எண்ணிப் பாரு, ஏதாவது குறையுதான்னு" என்றார்.

எதுவும் குறையவில்லை. கார் நன்றாக ஓடியது. அதுவும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

தொண்ணூற்று நான்கு ஜூன் மாதத்தில், அந்தக் காரை வாங்கியவர்கள் நாடு முழுவதிலுமிருந்து கார் பிறந்த ஆலையைப் பார்க்க ஸ்பிரிங் ஹில்லுக்கு வந்து குவிந்தார்கள். மழை, சேறு. அதிலும் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். "கழுதை வாங்கினவன் எவனாவது அது பொறந்த தொழுவத்தைப் பாக்க வந்திருக்கானா?" என்று சொல்லிக்கொண்டே வெர்லனும் போனார். அங்கேதான் சேற்றில் சிக்கிய நெட்ராவின் காரைத் தள்ளிவிட்டான் கேரி பாவ்லிக். வடக்கே, பனி கொட்டும் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் ஊர்க்காரன். ஆலையில் கதவு பொருத்தும் வேலை. தள்ளி முடித்து, நெட்ரா அப்பாவின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தியதும், தலை முதல் கால்வரை சேறோடு, "நல்லா இருக்கீங்களா வெர்லன்?" என்று கை நீட்டினான். பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவனை எந்த ரகத்தில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறு வருடம் கல்யாணம். இரண்டு மைல் தள்ளி வீடு பார்த்தார்கள். கொலம்பியாவுக்கு அப்போது ஆயிரக்கணக்கில் வடக்கத்தியர் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பொறுக்க முடியாத வெயில் என்று முனகிக்கொண்டிருந்தார்கள். வெர்லனின் பயம் ஒன்றே ஒன்று: கார் கம்பெனி என்றைக்காவது மூட்டை கட்டும், அன்றைக்கு இவனும் கட்டுவான், என் மகளையும் கட்டிக்கொண்டு போய்விடுவான்.

அதற்கு அத்தாட்சியும் கிடைத்தது. கல்யாணமான மறு வசந்தத்தில் மகள் வீட்டுக் கார் கொட்டகைக்குள் போனபோது, சுவரில் பெரிய ஆணி அடித்துப் பனிவாரி தொங்கிக்கொண்டிருந்தது. விலைச்சீட்டின் பசைகூட இன்னும் போகவில்லை. வெர்லன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பனி விழாத ஊரில் பனிவாரியை ஆணியில் மாட்டி வைக்கிறவன் எந்தத் திசைக்குக் காதைத் திருப்பியிருக்கிறான்?

அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவான் என்பது சந்தைப் பாடம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச் முடிந்து மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். சோள ரொட்டியும் பன்றித் தொடைக்கறியும் மேசைக்கு வருவதற்குள், கை கழுவும் சாக்கில் கார் கொட்டகைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வருவார். பேத்தி பிறந்தாள், வளர்ந்தாள். பனிவாரி தொங்கிக்கொண்டே இருந்தது.

"என்ன மாப்ளே, உங்க ஊர்ல இப்போ பனியா?" என்று போகிறபோக்கில் கேட்பார்.

"இருக்கும் வெர்லன். எனக்கென்ன, நான்தான் தப்பிச்சு வந்துட்டேனே" என்பான் கேரி.

"பாத்தியா, சிரிக்கிறான்" என்று மறுநாள் தீவனக் கடையில் சொல்வார்.

"சிரிச்சா தப்பா?" என்பார் ஹோய்ட்.

"ராவின பல்லு நல்லா வெள்ளையாத்தான் இருக்கும்."

பிறகு இறக்கம். இரண்டாயிரத்து ஏழில் ஸ்பிரிங் ஹில்லில் சாட்டர்ன் கட்டுவதை நிறுத்திவிட்டு வேறு பெயரில் வேறு கார் கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் தாய்க் கம்பெனியே திவாலானது. சாட்டர்ன் பெயரை வேறொருவருக்கு விற்கப் பேசி, எல்லாம் கூடிவரும் நேரத்தில், செப்டம்பர் கடைசி நாளில் அந்தப் பேச்சும் முறிந்தது. பத்தொன்பது வருடம். சனி தசைக்கும் அதே பத்தொன்பதுதான். இதை வெர்லனிடம் நான் சொன்னபோது, "உங்க ஊர்லயே விஷயம் தெரிஞ்ச ஆளுங்க இருந்திருக்காங்க" என்றார். என்னை அவர் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

நவம்பரில் ஸ்பிரிங் ஹில் ஆலையின் கடைசிக் காரும் போனது. வேலை மிச்சிகனின் லான்சிங் நகருக்கு மாறியது. விருப்பப்பட்டவர்கள் அங்கே போகலாம், மற்றவர்கள் வீட்டில் இருக்கலாம். இதைக் கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, வெர்லன் மகள் வீட்டுக்குப் போய் நேராகக் கார் கொட்டகைக்குள் நுழைந்தார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். அவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கே அது?"

"எது?" என்றான் கேரி.

"சுவத்துல தொங்குனது."

கேரி மனைவியைப் பார்த்தான்.

"அவளை ஏன் பாக்கறே, என்னைப் பாரு. பதிமூணு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ளே. நீ அந்த ஆணியை அடிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும், ஒருநாள் நீ பனிவாரியைக் கழட்டுவேன்னு."

கேரி முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்பா, அந்த ஆணியை அடிச்சது நான்" என்றாள் நெட்ரா.

வெர்லன் அவளைப் பார்த்தார். அவள் தன் மகளின் தட்டில் பட்டாணியை எடுத்து வைத்துக்கொண்டே பேசினாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் மொத கிறிஸ்துமசுக்கு ஃப்ளின்ட் போனோம்ல. அவங்க அம்மா வீட்டு வாசல் முழுக்கப் பனி. இறங்கி நான்தான் அள்ளுனேன். கையெல்லாம் கொப்புளம். அவ்ளோ சந்தோஷமா நான் எந்த வேலையும் செஞ்சதில்லப்பா. வர்ற வழியில கடையில நிறுத்தச் சொல்லி, நான் வாங்குனது அது."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே. அவரோடதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. உண்மையைச் சொல்லியிருந்தா அன்னையிலேர்ந்து என் காதைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. நான் கடைக்குப் போனாக்கூட எங்கே போறேன்னு கேப்பீங்க. அவரைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருங்கன்னு விட்டுட்டேன். அவரும் சரின்னுட்டார்."

"இப்போ?"

"லான்சிங் போலாம்னு சொன்னது நான். அவர் வேணாம்னார்."

கேரி தொண்டையைக் கனைத்தான். "ஹோய்ட்கிட்ட வேலை கேட்டிருந்தேன். மூட்டை ஏத்துற வேலை. நம்பிக்கை இல்லைன்னா அவரையே கேட்டுக்கோங்க."

நம்பிக்கை இல்லை. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வெர்லன் அங்கே நின்றார்.

"வந்தானே, ரெண்டு தடவை வந்தான்" என்றார் ஹோய்ட். "உன்கிட்ட சொல்ல வேணாம்னான். மாமனாரை விட்டுட்டுப் போறதுக்கு எனக்கு மனசு வரலைன்னு சொன்னான். எனக்கே சிரிப்பு வந்துச்சு." பூட்டைத் திறந்துவிட்டுத் திரும்பினார். "இத்தனை வருஷமா தப்பான கழுதையோட வாயைப் பொளந்து பாத்திருக்கே, வெர்லன்."

வெர்லன் உள்ளே நுழைந்தார். ஓட்ஸ் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். மகள் சின்ன வயதிலிருந்து எத்தனை முறை வாசலில் நின்று வடக்கே போகும் சாலையைப் பார்த்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்ததாக என்னிடம் சொன்னார். எண்ணிக்கை அவருக்கே கட்டுப்படவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நின்றுவிடுவாள் என்பதும் தெரிந்தது. கயிற்றை இழுத்துப் பிடித்தால் கழுதை நிற்கும். ஆனால் காது திரும்பாது.

அவர்கள் கிளம்பிய காலையில் விடியும்போதே போய்விட்டார். இழுவண்டியில் சாமான் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். கேரி போட்ட முடிச்சுகள் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அவிழ்த்து, தானே மறுபடி கட்டினார். பெட்டிகளுக்கு அடியில் பனிவாரி கிடந்தது. அதை உருவி எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நெட்ரா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாளாம். அவர் அதை எல்லாச் சாமானுக்கும் மேலே வைத்து, ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போட்டார்.

"இறங்குன உடனே வேணும்ல" என்றார்.

பிறகு மருமகனிடம் போய், "மாப்ளே, உன் மேல சந்தேகம் போயிடுச்சுன்னு சொல்லல. வேற சந்தேகம்னு சொல்றேன்" என்றார்.

"சரிங்க வெர்லன்" என்றான் கேரி.

பச்சைக் கார் அங்கேயே நின்றது. பழைய கார், அவ்வளவு தூரம் தாங்காது, விற்றுவிடுங்கள் என்று சாவியைக் கொடுத்தாள் நெட்ரா. கேட்டு வந்த இரண்டு மூன்று பேரிடம் வெர்லன் ஒரே விலை சொன்னார். பேரம் பேச விடவில்லை. யாரும் வாங்கவில்லை.

சில வருடங்களில் ஆலை வேறு கார்களோடு மறுபடி திறந்தது; நான் வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. இப்போது வெர்லனுக்கு எண்பத்து மூன்று வயது. அதே வீட்டில், இரண்டு கோவேறு கழுதைகளோடு தனியாக இருக்கிறார். நெட்ரா லான்சிங்கில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறாள், கேரி ஓய்வு பெற்றுவிட்டான். வருடா வருடம் ஜனவரியில் பதினைந்து நாள் வெர்லன் அங்கே போய்வருகிறார். திரும்பும் டிக்கெட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். அந்தப் பதினைந்து நாளும் வாசல் பனியை அவர்தான் அள்ளுகிறார்; சமையலறைச் சுவரில் இருக்கிற படம் அங்கே எடுத்ததுதான். மருமகன் ஓரங்களை விட்டுவிடுகிறான் என்று சொல்கிறார். பச்சைக் கார் அவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மாதம் ஒருமுறை தீவனக் கடைவரை ஓட்டிப்போய், அதன் நான்கு சக்கரங்களும் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கின்றன என்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஓட்டி வருகிறார்.