உம்மா கூட வந்த வகுப்பு

வகுப்பின் கடைசி வாங்கில் கறுப்பு அபாயாவோடு தஸ்பீஹ் மணியை உருட்டியபடி உம்மா உட்கார்ந்திருந்த அந்த முதல் சனிக்கிழமை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. வெட்கத்தில் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டை விட்டு வீட்டோடு இருந்த காலம் அது. என்னைப் போன்ற பெண் பிள்ளைகளுக்காகக் கல்முனைக்குடியில் நூலகத்தின் மேல்மாடியில் ஒரு வகுப்புத் தொடங்கியிருந்தார்கள். அங்கே படிப்பிக்கக் காரைதீவிலிருந்து வரும் மிஸ்தான் வீடு வீடாக வந்து கூப்பிட்டார்.

"கொமர்ப் புள்ளய ரோட்டால அனுப்பிப்போட்டு ஊர்ச்சனம் கதைக்கிறதக் கேக்கவா?" என்றார் வாப்பா.

மிஸ் கோபப்படவில்லை. உம்மாவைப் பார்த்து, "தனிய அனுப்பப் பயமெண்டா நீங்களும் கூட வாங்க" என்றார். அப்படித்தான் உம்மா எனக்குக் காவலாக வந்தார். வயதுக்கு வந்ததும் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அவர்.

ஒரு நாள் மிஸ் பலகையில் சமன்பாடு ஒன்றை எழுதி விளக்கினார். விளங்கிச்சா என்று கேட்டதற்கு எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "மிஸ், அந்த எக்ஸ் எங்கால வந்த?"

பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அன்றைக்குத்தான் எனக்கும் விளங்கியது. அதன் பிறகு உம்மா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

பரீட்சை நெருங்கிய நேரத்தில் ஒலுவிலிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வாப்பாவுக்குச் சம்மதம். "படிச்சி என்ன செய்யப் போறா?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டபோது, வாப்பா வாய் திறக்குமுன் உம்மா சொன்னார்: "அத அவதான் சொல்லணும். பரீட்ச முடியட்டும்." வந்தவர்கள் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். வாப்பா பல நாட்கள் உம்மாவோடு கதைக்கவில்லை. வீடு மையத்து எடுத்துப்போன சாவு வீடு போலக் கிடந்தது. உம்மா அழுதார், ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

பரீட்சையில் நான் சித்தியடைந்தேன். இன்று அதே ஊரில் கணிதம் படிப்பிக்கிறேன். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை அவர்களுடைய வாப்பாமாரே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம், பெறுபேறு வந்த கிழமை எங்கள் வாசலில் நடந்தது நினைவுக்கு வரும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் உம்மா அபாயாவை உடுத்துக்கொண்டு புறப்பட்டார். வாப்பா மறித்தார்.

"மகள்தான் பாஸ் பண்ணிட்டாளே, இனி நீ எங்க போறாய்?"

"நான் இன்னும் பாஸ் பண்ணல்லியே" என்றார் உம்மா.

வாப்பா உள்ளே போய், ஆணியில் தொங்கிய மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துவந்தார்.

"வெயில் ஏறிட்டு. ஏறு, கொண்டு விடுறன்."