சம்மட்டி அடிக்காத பதிவு

கங்கையைச் சடையில் தாங்கிய பெருமானின் திருவடிகளைப் பணிந்து இதை எழுதத் தொடங்குகிறேன். இன்று கார்த்திகைச் சோமவாரம். நெருப்பெரிச்சல் என்னும் எங்கள் ஊரில் நான் அறங்காவலராக இருக்கும் சிவன் கோயிலில், கோயிலின் சொந்த நீராலேயே சுவாமிக்குத் திருமஞ்சனம் நடந்தது.

பழைய ஆழ்துளைக் கிணறு வற்றிய பின் லாரித் தண்ணீர்தான். எங்கிருந்து வந்ததென்று அறியாத நீரைக் குருக்கள் குடத்தில் எடுத்துச் செல்லும்போது, பதிகம் பாடும் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். ஒருமுறை துளையிட்டோம். புழுதிதான் வந்தது. இன்னொரு முறை தவறினால் ஊரார் எங்களை நம்பப் போவதில்லை.

என் மருமகள் நில அதிர்வு ஆய்வு படித்தவள். துளையிடும் முன் அளந்து பார்க்கலாம் என்றாள். தரையில் இரும்புத் தகடு வைத்துச் சம்மட்டியால் அடிக்க, அதிர்வு கீழே சென்று பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும். வரிசையாகப் பதித்த உணரிகள் அதைப் பதிவு செய்யும். நீரைத் தாங்கும் உடைந்த பாறை இருந்தால் கணினிப் படத்தில் கோடாகத் தெரியும்.

இடையூறு மதிலுக்கு அப்பால் இருந்தது. அது என் மைத்துனரின் பின்னலாலை; அதன் இயந்திர அதிர்வும் உணரிகளில் கலந்துவிடும். அவரும் அறங்காவலர்தான். சற்று நேரம் இயந்திரங்களை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"பாதி ரோல்ல நிறுத்துனா துணியில கோடு உழுந்துருமுங்க மச்சான். எக்ஸ்போர்ட் ஆர்டருங்க."

எனவே இரைச்சலோடுதான் அளந்தோம். திரும்பி வரும் அதிர்வில் தாழ்ந்த ஒலிகள் வலுவாகவும், மெல்லிய அடுக்குகளைக் காட்டும் உயர்ந்த ஒலிகள் நலிந்தும் இருக்கும். பதிவைத் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை ஒலி வரிசைகளாகப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே வலுவுக்குக் கொண்டுவருவதுதான் அலைவரிசைச் சமனாக்கம் என்று மருமகள் சொன்னாள். எங்கள் பதிகக் குழுவில் பெருங்குரலை அடக்கி மெல்லிய குரலை எழுப்புவதைப் போன்றது என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் படத்தில் வடகிழக்கில் தெளிவான கோடு. கிணற்றுக்கு உரிய மூலை அதுதான். நானும் அதையே வேண்டியிருந்தேன்.

"ஈசானியத்த உட்டுட்டுத் தண்ணி எங்கீங்க போகும்? நாளைக்கே வண்டிய வரச் சொல்லிரலாமுங்க" என்றார் மைத்துனர்.

மருமகள் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கோடு கொஞ்சம் அதிகமாவே அழகா இருக்குதுங்க மாமா. அடிக்காமயே ஒரு பதிவு எடுத்துப் பாக்கறனுங்க."

"அடிக்காமயா? கதவத் தட்டாம உள்ளார ஆருன்னு கேக்கற மாதிரியில்ல இருக்குது, அம்மிணி."

"தட்டாமயே பதில் வந்துச்சுன்னா, அது நமக்குச் சொன்ன பதில் இல்லீங்களே."

சம்மட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மற்ற அனைத்தையும் முன்போலவே செய்தாள். அதே இடத்தில் அதே கோடு வந்தது. ஆலையின் அதிர்வு. எல்லா ஒலி வரிசைகளையும் ஒன்றுபோல உயர்த்தியபோது, சம்மட்டியின் எதிரொலியே இல்லாத வரிசைகளில் இரைச்சலும் உயர்ந்துவிட்டது. பாட்டு அறியாதவர் குரலை எழுப்பினால் பிழைதானே ஓங்கி ஒலிக்கும்.

இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு, அடியின் வலு இரைச்சலை மிஞ்சிய வரிசைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் சமன் செய்தாள். வடகிழக்கு வெறுமையாயிற்று. மேற்கு மதிலோரம், மங்கலாக ஒரு கோடு.

"தண்ணி இருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டனுங்க மாமா. ஆனா இது அடிச்சாத்தான் வருது."

முடிவு சொல்ல வேண்டியவன் நான். சுவாமி முன் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். பிறகு, மேற்கு வருணனுக்குரிய திசை, அங்கேயே துளையிடலாம் என்றேன்.

"இதுக்கும் ஒரு சாமியக் கண்டுபுடிச்சிட்டீங்களாக்கும்" என்றார் மைத்துனர். ஆனால் மறுக்கவில்லை.

நீர் பீறிட்டு எழவில்லை. கலங்கலாகத் தொடங்கி, தெளிந்து, ஒரே சீராக வந்தது. நாள்தோறும் திருமஞ்சனத்திற்கும் மடைப்பள்ளிக்கும் அது போதும். இன்று குருக்கள் முதல் குடத்தைச் சாய்த்தபோது பதிகத்தை முழுக்குரலில் பாடினேன். மதிலுக்கு அப்பால் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இதை வாசிக்கும் அனைவர் இல்லத்திலும் நீர் வற்றாதிருக்கட்டும். எவ்வளவு இரைச்சலுக்கு இடையிலும் மெய்யான விடை அவர்கள் செவியை அடைய இறைவன் அருள்வானாக.